வீட்டோட மாப்பிள்ளைக்கு ஒரு வீடு

ஏலே மக்கா, உங்கம்மை போனிலே எல்லாம் சொன்னா. மெல்போர்னிலே நீ ரெண்டு ஃபெரட்டு வாங்கி வளக்கப் போறியாம். படமும் அனுப்பியிருந்தா. பூனையுமில்லே எலியுமில்லே, நீளமா ஒரு உருப்படி, முகத்திலே களவாணிக் களை. உங்க பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாத்துட்டு, "கீரிப்பிள்ளையை எதுக்கு இவன் குளிப்பாட்டி வெள்ளையடிச்சு வச்சிருக்கான்?"ணு கேட்டா. எவரெஸ்டு ஏறப் போன சாமர்வெல் டாக்டரு, 1922-லே மலையை விட்டு இறங்கின கையோட நம்ம நெய்யூர் ஆஸ்பத்திரியை வந்து பாத்துட்டு, லண்டன்லே கிடைச்ச பெரிய உத்தியோகத்தையும் வேண்டாம்னு விட்டுட்டு இங்கேயே கத்தி பிடிச்சாரு. அவரு விட்டுட்டு வந்த சீமைச் சமாச்சாரத்தை நீ தேடிப் போயிருக்கே. கொள்ளாம்.

வேண்டாம்னு சொல்ல மாட்டேன். சொன்னா உடனே ரெண்டை நாலாக்குவே, உன்னைத் தெரியாதா எனக்கு. எப்படிக் குடி வைக்கணும்னு மட்டும் சொல்லுகேன், கேட்டுக்கோ. ஃபெரட்டைக் கொண்டு வாறதும் வீட்டோட மாப்பிள்ளையைக் கொண்டு வாறதும் ஒண்ணாக்கும். ஒரு நாளைக்கு 14 மணி நேரத்திலேருந்து 18 மணி நேரம் உறக்கம். எழும்பினா சாப்பாடு, அதுவும் இறைச்சி இல்லாம தொண்டையிலே இறங்காது. கையிலே கிடைச்ச பொருளைக் கொண்டுபோய் ஒளிச்சு வைக்கும். அதட்டினா கடிக்கும். எல்லாத்துக்கும் மேலே, அது உன் வீட்டுக்கு வந்திருக்குன்னு நீதான் நினைச்சுக்கிட்டு இருப்பே. நீ அதோட வீட்டிலே ஒண்டியிருக்கேன்னு அதுக்கு முதல் நாளே தெரியும்.

உங்க பாட்டி சொன்ன கீரி விசயத்தை முதல்லே தீத்துரணும். கீரிக்கும் ஃபெரட்டுக்கும் பாத்தா ஜாடை உண்டு, சம்பந்தம் கிடையாது. கீரி பூனைப் பக்கத்து வகையறா. ஃபெரட்டு நீர்நாய்க்குப் பங்காளி. ஐரோப்பாவிலே போல்கேட்டுன்னு ஒரு காட்டுச் சாதி இருக்கு, அதைப் பிடிச்சு ரெண்டாயிரம் வருசத்துக்கு மேலே பழக்கினதுதான் இது. கீரி வளத்த வீடெல்லாம் நம்ம கதையிலேயே உண்டு. கீரிப்பிள்ளையைக் கொன்னுபோட்ட பாவத்துக்காகப் புருசன் விட்டுட்டுப் போன பார்ப்பனத்திக்கு, கோவலன் தானம் பண்ணிக் குடும்பத்தைச் சேத்து வச்சான்னு சிலப்பதிகாரத்திலே வருது. இப்போ அந்தக் கதைக்கே இடமில்லே. 1972 வனவிலங்குச் சட்டப்படி கீரியை வீட்டிலே வச்சிருந்தாலே வனத்துறைக்காரன் வந்து நிப்பான். அதனாலே ஊருக்குப் படம் அனுப்பும்போது "இது கீரி இல்லே"ன்னு அடியிலே எழுதி அனுப்பு. நம்ம தெருவிலே பாதிப் பேருக்குக் காரியம் தெரியாட்டாலும் பெட்டிசன் எழுதத் தெரியும்.

அந்த ஊர்ச் சட்டம் எப்படின்னா, நீ இருக்கப்பட்ட விக்டோரியாவிலே ஃபெரட்டு வளக்கத் தடை இல்லே. பிரிஸ்பேனிலே இருக்கானே உன் கூட்டாளி, அவன் ஆசைப்பட்டா நடக்காது. குயின்ஸ்லாந்திலே அது குத்தம், வடக்குப் பிரதேசத்திலேயும் குத்தம். உனக்கு இருக்கது வாடகை வீடு. 2020 மார்ச்சிலேருந்து அங்க ஒரு சட்டம்: பிராணி வளக்க நீ எழுத்திலே அனுமதி கேக்கணும், வீட்டுக்காரன் சும்மா முடியாதுன்னு சொல்லிரக் கூடாது, முடியாதுன்னா 14 நாளுக்குள்ளே அவன்தான் தீர்ப்பாயத்துக்குப் போகணும். இங்கே நாகர்கோவில்லே வாடகைக்கு வீடு கேட்டா மீன் பொரிப்பியான்னு கேக்கான். அங்கே இவ்வளவு மரியாதை. கேட்டு வாங்கிக்கோ. ஒளிச்சு வளக்கலாம்னு மட்டும் நினைக்காதே. நீ ஒளிச்சாலும் மணம் ஒளியாது.

இனி கூடு. கடையிலே முயலுக்கு விக்கப்பட்ட பெட்டியைக் காட்டி இது போதும்பான், வாங்கிராதே. ரெண்டு மூணு தட்டு உள்ள உயரக் கூடு வேணும், ஏறி இறங்கச் சாய்வுப் பலகை வேணும். கம்பிக்கும் கம்பிக்கும் இடையிலே ஒரு இஞ்சுக்கு மேலே போகக் கூடாது. தலை நுழைஞ்சா உடம்பு நுழைஞ்சாச்சு, அதோட எலும்புக்கூட்டு வாகு அப்படி. தளம் கம்பியா இருந்தா பாதம் புண்ணாகும், பலகையோ துணியோ விரிக்கணும். தேவதாரு, பைன் மரத்தூளைக் கொட்டாதே, அந்த மணமும் தூசும் அதோட நெஞ்சுக்கு ஆகாது. உன் பழைய பனியனும் சட்டையும் போதும். நீ போட்டு அவிழ்த்ததுன்னா இன்னும் நல்லது, உன் வாடை அதுக்குப் பழகும். மேலே ஒரு துணித்தொட்டில் கட்டித் தொங்கவிடு. ரெண்டுக்குமா ஒண்ணு போதும். நீ ரெண்டு கட்டிக் கொடுத்தாலும் ஒண்ணுலேதான் ஒண்ணு மேலே ஒண்ணா விழுந்து கிடக்கும்.

உறங்குகதுன்னா சாதாரண உறக்கம் இல்லே, பாத்துக்கோ. கையிலே தூக்கினா துணி கணக்காத் தொங்கும், தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். கூப்பிட்டாலும் எழும்பாது, குலுக்கினாலும் எழும்பாது. செத்துப்போச்சுன்னு நடுராத்திரி எனக்கு விளிச்சு அழாதே. உடம்பு சூடா இருக்கா, நெஞ்சு ஏறி இறங்குதான்னு பாரு. மூக்குக்கிட்ட கொஞ்சம் மீன் எண்ணெயைக் காட்டு. முதல்லே நாக்கு எழும்பும், பிறகுதான் கண்ணு.

கூட்டிலே அடைச்சே வைக்கலாம்னு நினைச்சா அதுக்கு மாட்டுத்தொழுவம் போதுமே, மெல்போர்ன் எதுக்கு? தினமும் நாலு மணி நேரமாவது வெளியே விடணும். அதுக்கு முன்னாடி நீ தரையிலே வயிறு படக் கிடந்து வீட்டைப் பாக்கணும். நின்னுக்கிட்டுப் பாத்தா தெரியாது. அடுக்களை அலமாரிக்கு அடியிலே சந்து, குளிரூட்டிக்குப் பின்னாலே சந்து, குழாய் போற ஓட்டை, சோபாவுக்கு அடித்துணியிலே கிழிசல். எல்லாத்தையும் அடை. முக்கியமா அந்தச் சாய்ஞ்சு நிமிருகப்பட்ட ரெக்லைனர் நாற்காலி. ஃபெரட்டு அதுக்குள்ளே ஏறிப் படுத்துக்கிடும், நீ வேலை முடிஞ்சு வந்து "அப்பாடா"ன்னு சாய்வே, உள்ளே இரும்பு மடங்கும். இப்படிச் செத்த ஃபெரட்டு அந்த நாடுகள்லே ஏராளமாக்கும். அதை வித்துப்போட்டு இங்கேருந்து ஒரு சாய்வு நாற்காலி கொண்டு போ, என்னோடது மாதிரி. துணி துவைக்கிற எந்திரத்தை ஓட்டும் முன்னே கையை விட்டுத் துழாவிப் பாரு. அழுக்குத் துணி மூட்டைதான் அதுக்குப் பஞ்சு மெத்தை.

ரப்பர்ன்னா அதுக்கு உயிர். காதிலே சொருகுகியே அந்தக் குமிழு, டிவி ரிமோட்டோட பொத்தான், செருப்புக் குதி, குழந்தைகளோட அழிரப்பர், ஒண்ணையும் விடாது. கடிச்சு விழுங்கும். விழுங்கினது குடலை அடைக்கும். அடைச்சா அறுவை சிகிச்சை. அந்தச் செலவுக்கு இங்கே நம்ம விளையிலே ஒரு கிணறு தோண்டிரலாம். சாவி, சாக்ஸு, கரண்டி எல்லாம் காணாமப் போகும். பதறாதே, கட்டிலுக்கு அடியிலே கடைசி மூலையிலே ஒரு கருவூலம் இருக்கும், தேடிப் பாரு. எல்லாத்தையும் ஒரேயடியா எடுத்துராதே. ரெண்டு சாக்ஸை அதுக்கு விட்டு வை. மாப்பிள்ளைக்கும் ஒரு மதிப்பு வேணும்லா.

மூலைன்னு சொன்னதும் இன்னொண்ணு. வெளிக்குப் போறதும் மூலையிலேதான். பின்பக்கமா நடந்து போய் சுவரிலே முட்டினதும் காரியத்தை முடிக்கும். அதனாலே கூட்டிலே ஒரு மூலை, அது நடமாடுகிற ஒவ்வொரு அறையிலேயும் ஒரு மூலை, தட்டு வை. பின்பக்கம் உயரமா, முன்பக்கம் தாழ்வா இருக்கணும். காகித உருண்டை போடு. பூனைக்குப் போடுகிற கட்டி பிடிக்கிற களிமண் வேண்டாம், மூக்கிலே ஏறும். உறங்கி எழும்பின உடனே தூக்கி அந்தத் தட்டிலே விடு. பழகும். ஆனா நூத்துக்கு நூறு பழகாது. தட்டு இருக்கது தெரிஞ்சும் பக்கத்திலே போகும், போயிட்டு உன் மூஞ்சியைப் பாக்கும். அப்போ அடிச்சேன்னு வை, உன் கையிலே பல்லு பதியும், தட்டு தட்டாவேதான் இருக்கும்.

சாப்பாடுதான் பெரிய விசயம். நம்ம ஊர்க்காரன் எதை வளத்தாலும் மரச்சீனியும் மீன்கறியும் போட்டுப் பாப்பான். நீ அதைச் செய்யாதே. அதோட குடல் ரொம்பக் குட்டை. தின்னது மூணு நாலு மணி நேரத்திலே வெளியே வந்துரும். கிழங்கு, சோறு, இட்லி, இதையெல்லாம் அரைக்க அதுக்கு வழியே கிடையாது. ஏத்தம்பழம் கொடுத்தா ஆசையாத் தின்னும்தான். இனிப்பு பழகிட்டா பின்னாடி கணையத்திலே கட்டி, ரத்தத்திலே சர்க்கரை இறங்கி மயக்கம், இந்தத் தொந்தரவுக்கு ஆளாகிற சாதி அது. பாலும் வேண்டாம். இறைச்சி, இறைச்சி, இறைச்சி. பச்சைக் கோழிக் கழுத்து, கோழி நெஞ்சாங்குலை, ஈரல் கொஞ்சம், வாரத்துக்கு ஒரு முட்டை. கடையிலே விக்கிற உருண்டைத் தீனின்னா புரதம் 35 சதவீதத்துக்குக் குறையாம, கொழுப்பு 20 சதவீதத்துக்குப் பக்கமா இருக்கணும். பையிலே எழுதியிருக்கிற முதல் மூணு சாமானும் இறைச்சியா இருக்கான்னு பாரு, சோளமும் பட்டாணியும் முன்னாடி வந்தா பையை அங்கேயே வச்சுட்டு வா. வேவிச்ச எலும்பு வேண்டாம், நொறுங்கிக் குத்தும். குட்டியிலே என்ன பழகுதோ அதைத்தான் ஆறு மாசத்துக்கு மேலே சாப்பாடுன்னு ஒத்துக்கிடும், அதனாலே சின்னதிலேயே நாலு வகை காட்டு. சாளையை மட்டும் போட்டு வளக்கலாம்னு உங்க பாட்டி சொல்லுகா. அது பாட்டியை வளக்கிற முறை, ஃபெரட்டை இல்லே.

மணம் உண்டு. இல்லேன்னு சொல்லி விக்கிறவன் மூக்கைப் பொத்திக்கிட்டு விக்கான். ஃபெரட்டுத் தோலிலே எண்ணெய் சுரக்கும், அதோட மணம் அது. மணம் போக வாராவாரம் சோப்பு போட்டுக் குளிப்பாட்டுவான் புதுசா வாங்கினவன். தோல் காய்ஞ்சு போச்சேன்னு உடம்பு இன்னும் கூடுதலா எண்ணெயை விடும், மணமும் கூடும். மாசம் ஒரு தடவைக்கு மேலே தண்ணி காட்டாதே. துணியைத் துவை, தொட்டிலைத் துவை, தட்டைத் தினமும் மாத்து, மணம் பாதி குறையும். மீதிப் பாதிக்கு நீ பழகிருவே. உன்னைப் பாக்க வாறவங்க பழக மாட்டாங்க, அதுவும் ஒரு வகையிலே லாபம்தான்.

நகம் வெட்ட ஒரு சூத்திரம் சொல்லுகேன். மல்லாக்கக் கிடத்தி, வயித்து ரோமத்திலே ரெண்டு சொட்டு சால்மன் மீன் எண்ணெய் விடு. அது குனிஞ்சு நக்கிக்கிட்டே இருக்கும். அந்தச் சமயத்திலே ஒவ்வொரு விரலா அமுக்கி நுனியை மட்டும் நறுக்கு, உள்ளே சிவப்பா ஓடுகிற நரம்பைத் தொடாதே. எண்ணெய் தீர்றதுக்குள்ளே நாலு காலும் முடியணும். தீந்துட்டா பேச்சுவார்த்தை முறிஞ்சுது.

மெல்போர்னிலே குளிரும்னு நினைச்சுக் கம்பளி வாங்கி அடுக்குவே. அதோட எமன் குளிர் இல்லே, வெயில். ஃபெரட்டுக்கு வேர்த்து ஆறுகிற வழி கிடையாது. 27, 28 டிகிரி தாண்டினாலே இளைக்க ஆரம்பிக்கும். உங்க ஊரிலே 2009 பிப்ரவரி 7-லே 46.4 டிகிரி அடிச்சுது, ஞாபகம் வச்சுக்கோ. அப்படி ஒரு நாளைக்கு ஏசி ஓடணும். கரண்ட் போச்சுன்னா தண்ணிப் போத்தலை உறைய வச்சு துணி சுத்தி உள்ளே போடு, ஓடு பதிச்ச குளியலறைத் தரையிலே விடு. கூட்டை சன்னலோரம் வைக்காதே.

ஃபெரட்டை வாங்கும் முன்னே வைத்தியரைக் கண்டுபிடி. நாய் பூனை பாக்கிற எல்லாரும் ஃபெரட்டு பாக்க மாட்டாங்க. நாய்க்கு வாற டிஸ்டெம்பர் நோய் இதுக்கு வந்தா பிழைக்காது, ஊசி போடணும். பெட்டைன்னா இன்னொரு சங்கதி, வெக்கப்படாமக் கேளு. சீசன் வந்த பெட்டைக்கு இணை கிடைக்கலேன்னா அந்தச் சூடு தானா இறங்காது. மாசக்கணக்கிலே நிக்கும், உள்ளே ரத்தம் ஊறுகது நின்னுபோகும், செத்தே போகும். அதனாலே சினைப்பையை எடுக்கணும், இல்லேன்னா தோலுக்கு அடியிலே ஹார்மோன் குளிகை வைக்கணும். எது நல்லதுன்னு வைத்தியர்கிட்ட கேளு, சின்னதிலேயே அறுத்ததுக்குப் பின்னாடி அட்ரீனல் சுரப்பியிலே தொந்தரவு வாறதும் உண்டு. முதல் தடவை வளக்கிறவன் குட்டி வாங்காம, கைவிட்டதுகளை வச்சுப் பாக்கிற இடத்திலே வளந்த ஜோடியா, அறுவை முடிஞ்சதா எடுத்தா பாதி வேலை மிச்சம். குட்டிக்குக் கடிக்கக் கூடாதுன்னு தெரியாது. நீதான் சொல்லிக் கொடுக்கணும், உன் விரல்தான் பாடப்புத்தகம்.

உனக்குத் தடுமம் பிடிச்சா அது பக்கம் போகாதே. நம்ம ஃப்ளூ அப்படியே அதுக்கு ஒட்டும், அதுகிட்டேருந்து நமக்கும் ஒட்டும். லண்டன் மில் ஹில்லிலே 1933-லே வில்சன் சுமித்து, ஆண்ட்ரூஸ், லெயிட்லாவுன்னு மூணு பேரு, மனுசத் தொண்டை கழுவின தண்ணியை ஃபெரட்டு மூக்கிலே விட்டுத்தான் ஃப்ளூ ஒரு வைரசுன்னு நிரூபிச்சாங்க. அந்த ஆய்வுக்கூடத்திலே ஒரு ஃபெரட்டு தும்மி, பக்கத்திலே நின்ன ஆய்வாளருக்கே காய்ச்சலை ஒட்டியும் விட்டுது. விஞ்ஞானத்துக்கு இப்படியும் ஒரு உழைப்பு.

உழைப்புன்னு சொன்னதும், உறங்கித் தின்கிற வீட்டோட மாப்பிள்ளைன்னு நான் சொன்னதிலே ஒரு விதிவிலக்கு உண்டு. 1971-லே அமெரிக்காவிலே சிகாகோ பக்கம் பட்டேவியாவிலே அணுத்துகளை ஓட்டுகிற பெரிய ஆய்வகம் கட்டினாங்க. நீளக் குழாய்க்குள்ளே கிடந்த இரும்புத் தூளைத் துடைக்க வழி தெரியலே. ஃபெலீசியான்னு ஒரு ஃபெரட்டு வாங்கி, வாரிலே நூலைக் கட்டி ஒரு முனையிலே விட்டாங்க. அது மறுமுனையிலே வந்துது. நூலைப் பிடிச்சு துடைப்பானை இழுத்தாங்க, குழாய் சுத்தம். எல்லாத்திலேயும் பெரிய வளையத்துக் குழாயைக் காட்டினப்போ மட்டும் "போ மாட்டேன்"னு நின்னுட்டுது. நாலு மைல் சுத்து இருட்டு, யாருதான் போவா? மனுசன் அதுக்கு ஒரு எந்திரம் செஞ்சதும் ஃபெலீசியாவுக்கு ஓய்வு.

பழைய வேலை முயல் பிடிக்கிறது. பலேரிக் தீவிலே முயல் பெருகிப் பயிரை அழிச்சுதுன்னு ஜனங்க அகஸ்டஸ் சக்கரவர்த்திகிட்ட பட்டாளம் கேட்டாங்கன்னு பிளினி எழுதி வச்சிருக்கான். முயல் வளையிலே இதை விட்டுத் துரத்துகது அப்போவே உண்டு. உங்க விக்டோரியாவிலே 1859-லே தாமஸ் ஆஸ்டின்னு ஒரு பண்ணையார் வேட்டையாட ஆசைப்பட்டு முயலை அவுத்து விட்டான், நாடே முயலாப் போச்சு. நியூசிலாந்துக்காரன் அதைவிடக் கெட்டிக்காரன். முயலைத் தின்ன 1880-கள்லே ஃபெரட்டைக் காட்டிலே விட்டான். முயலைத் துரத்த ஓடணும், பறக்கத் தெரியாத பறவைக்கு ஓட வேண்டாம். ஃபெரட்டு கணக்குப் போட்டுப் பாத்துது. இப்போ 2002-லேருந்து அங்கே விக்கக் கூடாது, இனம் பெருக்கக் கூடாது. அதனாலே உன்னோடது ஒருநாளும் வேலி தாண்டக் கூடாது. வெளியே கொண்டு போனா நெஞ்சையும் கழுத்தையும் சேத்துக் கட்டுகிற வாரு போட்டுக் கொண்டு போ. கழுத்துப்பட்டை மட்டும் போட்டா உருவிட்டுப் போயிரும், தலையும் கழுத்தும் ஒரே பருமன்.

இங்கிலாந்திலே யார்க்‌ஷயர்காரங்க இதை வச்சு ஒரு போட்டியே நடத்தினாங்க. கால்சட்டையோட கணுக்காலைக் கட்டிட்டு, உள்ளே ரெண்டு ஃபெரட்டை விட்டு, இடுப்பையும் கட்டிருவாங்க. யாரு அதிக நேரம் நிக்கானோ அவன் செயிச்சான். ரெஜ் மெல்லர்னு ஒரு ஆளு 1981-லே 5 மணி 26 நிமிசம் நின்னான். உள்ளே ஜட்டி போடக் கூடாதுன்னு விதியாம். நல்லவேளை நம்ம ஊரிலே சாரம் கட்டுகோம், அடியிலே கட்ட வழியில்லே. இதை உன் கூட்டாளிகள்கிட்ட சொல்லாதே, சனிக்கிழமை சாயங்காலம் சும்மா இருக்கப்பட்ட பயல்கள்.

ஒண்ணு சொல்ல மறக்கப் பாத்தேன். சாயங்காலம் அது முழிச்சு எழும்பி, முதுகை வளைச்சு, பக்கவாட்டிலே குதிச்சுக் குதிச்சு, சுவரிலே முட்டி, மேசைக் காலிலே முட்டி, "தூக்கு தூக்கு"ன்னு சத்தம் போட்டுக்கிட்டு உன் மேலே பாயும். பேய் பிடிச்சிருக்குன்னு மந்திரவாதியைத் தேடாதே. அது சந்தோசம். அந்த நேரத்துக்கு நீயும் தரையிலே இருந்தாகணும். ஆபீசிலே மீட்டிங்குன்னா அது கேக்காது.

அடுத்த மண்டைக்காடு கொடைக்கு வரும்போது ரெண்டையும் கூட்டிட்டு வாறேன்னு அம்மைகிட்ட சொன்னியாமே. வெளிநாட்டிலேருந்து பெட்டியோட பெட்டியாக் கொண்டு வர நாய்க்கும் பூனைக்கும்தான் நம்ம அரசாங்கம் வழி வச்சிருக்கு. வழி இருந்தாலும் மாசி வெயிலிலே இரணியல் ஸ்டேஷன்லே இறங்குகதுக்குள்ளே அதுக்கு மூச்சு முட்டும். அதனாலே அங்கேயே பாத்துக்கிட ஆளு வேணும். கண்ட ஆளு ஆகாது. பகல்லே உறங்கவிட்டு, சாயங்காலம் தரையிலே உக்காந்து, இறைச்சி நறுக்கி, மூலைமூலையாத் தட்டு மாத்தி, ஒளிச்சு வச்ச சாவியைக் கண்டுபிடிக்கிற ஆளு. உங்க பாட்டி நான் போறேன்னு நிக்கா. நாப்பது வருசத்துக்கு மேலே என்கூடக் குடித்தனம் பண்ணின அனுபவம் இருக்காம். ஆறு மாச விசா எடு. டிக்கெட்டு அவளுக்கு மட்டும் போட்டா போதும்.